எர்லாங்

காலையில் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால், "அனைத்து இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன" என்று அதே பதிவுக் குரல்.

கோபம் வந்தது. அப்புறம் எர்லாங் ஞாபகம் வந்தது. டெலிபோன் லைன்களில் எவ்வளவு பேச்சு ஓடுகிறது என்பதை அளக்கும் அலகு அது.

ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுக்கப் பேச்சில் இருந்தால் அது 1 எர்லாங். மூன்று நிமிட அழைப்புகள் மணிக்கு 20 வந்தாலும் அதே கணக்குதான்.

சரி, அதற்கு ஒரு லைன் போதுமே?

போதாது. அழைப்புகள் வரிசையில் நின்று வருவதில்லை, இஷ்டத்துக்கு வரும். ஒரே லைன் என்றால் பாதிப் பேருக்கு 'பிஸி'. இரண்டு வைத்தால் ஐந்தில் ஒருவருக்கு. நான்கு வைத்தால்தான் 2 சதவீதத்துக்குள் அடங்கும். ஆனால் 10 எர்லாங்குக்கு 40 லைன் வேண்டாம், 17 போதும். கூட்டம் சேரச் சேரச் சிக்கனம்!

எத்தனை லைனுக்கு எத்தனை பேருக்கு 'பிஸி' என்று சொல்லும் இந்தக் கணக்கின் சூத்திரத்தை 1917-இல் வெளியிட்டவர் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த கணித அறிஞர் ஆக்னர் எர்லாங்.

1980களில் எரிக்சன் நிறுவனத்தில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங் குழுவினர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக ஒரு நிரல்மொழி உருவாக்கி, எர்லாங் என்ற பெயரையே வைத்தார்கள். (எரிக்சன் லாங்குவேஜ் என்றும் படிக்கலாம். குறும்புக்காரர்கள்.)

அதில் ஒவ்வொரு அழைப்பையும் தனித்தனிக் குட்டிச் செயல்முறையாக (process) ஓடவிடலாம். ஒன்று விழுந்தாலும் பக்கத்து அழைப்பு அறுபடாது. விழுந்ததை இன்னொன்று கவனித்து மறுபடி எழுப்பிவிடும்.

வாட்ஸ்அப் சர்வர்களை எழுதியதும் இந்த மொழியில்தான்.