பூசமும் விடுதலை நாளும்: மொரீசியஸ் நாட்குறிப்பு

2026 ஜனவரி 23, வெள்ளி

கோயிலில் கொடியேறிவிட்டது. இனி பத்து நாள் விரதம். இந்த வருஷம் தைப்பூசம் பிப்ரவரி 1. மொரீசியஸில் அடிமைமுறை ஒழிந்த நாளும் அதுதான். 1835-லிருந்து அந்தத் தேதி அங்கேயேதான் இருக்கிறது, பூசம் நகர்ந்து வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு லீவு போச்சே என்று அலுவலகத்தில் ஒரே பேச்சு. எனக்கு வேறொன்று உறுத்தியது. இந்தத் தீவுக்கு வந்து ஆறு வருஷமாகிறது. ஆறு பிப்ரவரி ஒன்றையும் துணி துவைத்தே கழித்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அம்மா கிரியோல், ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர். தெருவே அவரைத் ‘தாந்தீன்’ என்று கூப்பிடும், நம் அத்தை மாதிரி. மகளுக்குக் காய்ச்சல் என்றால் முருங்கைக்கீரை சூப்போடு வந்துவிடுவார். கீரைக்கு அவர் சொல்லும் பெயர் ‘ப்ரெட் முரும்’. நம் முருங்கை அவர் வாயிலும் இருக்கிறது.

“ஒண்ணாம் தேதி என்ன செய்வீங்க, தாந்தீன்?”

“மோர்ன் மலைக்குப் போவோம். நீதான் வந்ததே இல்லையே.”

குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் குறையாகப் பட்டது.

ஜனவரி 27, செவ்வாய்

போர்ட் லூயிஸில் வேலை முடிந்து அப்பிரவாசி காட் பக்கம் நடந்தேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கேதான் கூட்டிப்போவேன். ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம்மவர்கள் ஏறிவந்த கல்படிகளைக் காட்டுவேன். அதற்குக் கிட்டத்திலேயே பிரெஞ்சுக்காரர் காலத்து ராணுவ ஆஸ்பத்திரி. 2023-ல் அதை அடிமைமுறை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். இன்றுதான் உள்ளே போனேன்.

மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் கப்பலில் அடைத்துக் கொண்டுவரப்பட்டவர்கள். இந்தியாவிலிருந்தும் அடிமைகள் வந்திருக்கிறார்கள், அவர்களில் தமிழர்களும் உண்டு. நாம் சொல்லும் கதையில் அந்தக் காலத்துத் தமிழர் என்றால் புதுச்சேரிக் கொத்தனாரும் தச்சரும்தான். அடிமையாக வந்தவரை ‘எங்கள் பாட்டன்’ என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

விடுதலையானவர்கள் அறுபதாயிரத்துக்கும் மேல். நஷ்டஈடு 20 லட்சம் பவுனுக்கும் மேல், அத்தனையும் எஜமானர்களுக்கு. உழைத்தவர்களுக்கு ஒரு காசு இல்லை. அதோடு ‘தொழில் பழகுகிறவர்கள்’ என்று பெயர் சூட்டி 1839 வரை அதே எஜமானர்களிடம் கட்டிப்போட்டார்கள். இந்தியாவிலிருந்து அட்லஸ் கப்பல் 36 கூலிகளோடு கரைசேர்ந்தது 1834 நவம்பர் 2. அதாவது விடுதலைக்கு மூன்று மாதம் முன்பே மாற்று ஆளைத் தேடிவிட்டார்கள். கரும்புக்காட்டை விட்டு ஒருவர் வெளியேற, குறைந்த கூலிக்கு இன்னொருவரை இறக்கினார்கள். அந்த இன்னொருவரின் படிகளை மட்டும்தான் இத்தனை நாள் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜனவரி 29, வியாழன்

காரைக்காலிலிருந்து அம்மா வீடியோ காலில் வந்தாள். மகளோடு விளையாடிக்கொண்டிருந்த தாந்தீனின் பேத்தியைப் பார்த்து, “நல்ல காப்பிரி முடி” என்றாள். வசவாகச் சொல்லவில்லை, எங்கள் வீட்டில் புழங்கும் சொல் அது. நானும் சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லால் ஆப்பிரிக்கர்களை எப்படி இழிவாக நடத்தினார்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பாப்பா பேரு என்னடி?” என்று கேட்டாள்.

ஜனவரி 31, சனி

சாயங்காலம் தாந்தீனின் தம்பி முற்றத்தில் தீ மூட்டி ரவான் காய்ச்சினார். பெரிய சல்லடை அகலத்துக்கு மரவளையம், அதில் இழுத்துக் கட்டிய ஆட்டுத்தோல். சேகா பாட்டுக்கு உயிர் இதுதான். அடிமைகளிடம் பிறந்த பாட்டு அது. 2014-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. சுவாலைக்கு ஒரு சாண் மேலே தோலைப் பிடித்து மெல்லச் சுற்றுவார். நடுவில் விரல் முட்டியால் ஒரு தட்டு, காதை வைத்துக் கேட்பார், தலையை ஆட்டி மறுபடி தீக்குக் காட்டுவார். தொளதொளவென்றிருந்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கணீரென்று இறுகியது.

அப்பாவின் ஊரில் வைக்கோலைக் கொளுத்தித் தப்பு காய்ச்சுவதும் இப்படித்தான். தப்படிக்க வந்தவர்களை எங்கள் தெருவில் எங்கே நிற்கவைத்தோம் என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. இரவு சரியாகத் தூக்கம் இல்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

விடியற்காலையில் பால்குடம். மலைக்கோயில் படியில் வெயில் ஏறுமுன் ஏறிவிட்டோம். எனக்கு இரண்டு ஆள் முன்னால் தாந்தீனின் பேரன் காவடியோடு போனான். கத்தோலிக்கப் பிள்ளை, பத்து நாளும் விரதம் இருந்தவன். நம் நாளுக்கு அவர்கள் எப்போதோ வந்துவிட்டார்கள்.

பிற்பகல் லெ மோர்ன். கடலோரத்தில் செங்குத்தாக 556 மீட்டர். தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த பாறை. விடுதலைச் செய்தி சொல்ல வந்த போலீசாரைப் பிடிக்க வந்தவர்கள் என்று எண்ணி உச்சியிலிருந்து குதித்தார்கள் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. தாந்தீன் அதைச் சொல்லவில்லை. அடிவாரத்து நினைவுக்கற்களில் ஒன்றின்மேல் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார். கோயில் மாலையிலிருந்து உதிர்த்து வைத்திருந்த சாமந்தியை நீட்டினேன். பாதியை அவர் வைத்தார், மீதியை என்னை வைக்கச் சொன்னார்.

பிறகு கரையில் சேகா. உப்புக்காற்றில் ரவான் தோல் தளர்ந்துபோயிற்று. தம்பி அதை என் கையில் கொடுத்துத் தீயைக் காட்டினார். சுற்றினேன். முட்டியால் தட்டினேன். அவர் தலையை ஆட்டினார். இன்னும் இல்லை. மறுபடி தீக்குக் காட்டினேன்.