கண்ணாடிப் பவரும் கேபிள் பவரும்: வீட்டில் அளந்து பார்த்தது

அம்மாவின் ரீடிங் கண்ணாடி பிளஸ் 2 என்று கடைச் சீட்டு சொல்கிறது. வீட்டிலேயே அதை அளக்க முடியுமா என்று பார்க்கத்தான் ஆரம்பித்தேன். தூரத்துப் பொருளின் பிம்பம் எத்தனை மீட்டரில் தெளிவாக விழுகிறதோ, 1-ஐ அந்த எண்ணால் வகுத்தால் டயாப்டர், அதாவது லென்ஸின் பவர் கிடைக்கும். பிளஸ் 2 என்றால் அரை மீட்டர்.

ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் வெள்ளைத் தாள் ஒட்டி, கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்தினேன். ஜன்னல் கம்பிகள் தலைகீழாகத் தாளில் வந்து நின்றன. அளந்தால் 60 சென்டிமீட்டர், அதாவது 1.67. கடைக்காரர் தப்பாகக் கொடுத்துவிட்டாரோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. தப்பு என்னுடையதுதான். ஜன்னல் 3 மீட்டரில் இருக்கிறது, அது 'தூரத்துப் பொருள்' ஆகாது. அந்த 3 மீட்டருக்கும் 1-ஐ வகுத்து (0.33) கூட்டினால் சரியாக 2.

அடுத்தது என் கண்ணாடி. மைனஸ் லென்ஸ் சுவரில் பிம்பம் தராது. ஆனால் ஒட்டி வைத்த லென்ஸ்களின் பவர் அப்படியே கூடும், கழியும். அதனால் ஒரு பூதக்கண்ணாடியை (அளந்தபோது பிளஸ் 5) என் வலது லென்ஸோடு சேர்த்துப் பிடித்து, சுமார் 20 மீட்டர் தள்ளியிருக்கும் எதிர்வீட்டு கிரில்லைப் பிடித்தேன். 29 சென்டிமீட்டரில் தெளிவானது. 3.45, தூரத்துக்காக 0.05, மொத்தம் 3.5. ஐந்திலிருந்து கழித்தால் மைனஸ் ஒன்றரை. சீட்டிலும் அதேதான்! இடைவெளி விடாமல் பிடிப்பதுதான் இதில் முக்கியம்.

இதே 'பவர்' என்ற சொல்லை இணைய கேபிள் வேலை பார்க்கும் நண்பரும் சொல்வார். அது வேறு பவர், ஃபைபரில் வரும் ஒளியின் அளவு. அவரிடம் அந்த ஒளியை அளக்கும் மீட்டர் வாங்கி, 1490 நானோமீட்டர் அலைநீளத்தில் வைத்து, ஃபைபரின் பச்சை கனெக்டரைச் செருகினேன். மைனஸ் 22.4 டிபிஎம். இந்த டிபிஎம் அளவில் 1 மில்லிவாட்தான் பூஜ்ஜியம், அதிலிருந்து ஒவ்வொரு 3 டெசிபல் இறங்கும்போதும் ஒளி பாதியாகும். அப்படிப் பார்த்தால் என் வீட்டுக்கு வருவது ஒரு மில்லிவாட்டில் ஆயிரத்தில் ஆறு பங்குகூட இல்லை. அதில்தான் மொத்த இணையமும் ஓடுகிறது என்பதை இன்னும் நம்ப முடியவில்லை. ஃபைபரைப் பென்சிலில் ஒரே சுற்று சுற்றினேன், மைனஸ் 25.6. பாதிக்கு மேல் ஒளி போய்விட்டது. சுற்றைப் பிரித்ததும் பழைய எண் வந்தது. (ஃபைபர் முனையைக் கண்ணால் பார்க்க வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.)

எனக்குப் பிடித்தது இதுதான்: பெருக்கலாக நடக்கும் இழப்பை டெசிபல் கழித்தலாக மாற்றிவிடுகிறது, தலைகீழ் பின்னங்களை டயாப்டர் கூட்டலாக மாற்றிவிடுகிறது. இரண்டையுமே மனக்கணக்காகப் போடலாம்.

அப்புறம் இன்று காலை இடது லென்ஸ். பூதக்கண்ணாடியோடு 29 சென்டிமீட்டரில் கிரில்லின் நெடுக்குக் கம்பிகள் கத்தி போலத் தெளிவு, குறுக்குக் கம்பிகள் வெறும் மங்கல். மெதுவாகப் பின்னால் நகர்த்தினால் 37-இல் குறுக்குக் கம்பிகள் எழுந்தன, நெடுக்குக் கம்பிகள் கரைந்தன. இரண்டுக்கும் வித்தியாசம் முக்கால் டயாப்டர். சீட்டை எடுத்துப் பார்த்தேன்: சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் கூடுதலாக உள்ள பவர்) மைனஸ் 0.75, ஆக்சிஸ் (அதன் கோணம்) 180.