தாய்ப்பத்திரம் தேடி கார்ன்வாலுக்கு

"நீங்க சர்ச்சா, சாப்பலா?"

மூன்றாம் நாள் காலையில் ஆவணக்காப்பக ஊழியரான அந்த அம்மா இப்படிக் கேட்டதும் நானும் தோழியும் திருதிருவென்று விழித்தோம். இதையே முதல் நாள் கேட்டிருந்தால் இரண்டு நாள் கண் எரிச்சல் மிச்சமாகியிருக்கும்.

தோழியும் நானும் கோலார் தங்கவயல் சுரங்கக் குடியிருப்பில் அடுத்தடுத்த லைனில் வளர்ந்தவர்கள். அவள் ஆங்கிலோ இந்தியப் பெண். தமிழில் என்னைவிட நன்றாகவே திட்டுவாள். அவளுடைய பாட்டியின் அப்பா 1890களில் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் கோலாரில் கால் வைத்த பிறகு, பூமிக்கடியில் வேலை தெரிந்த கார்ன்வால்காரர்கள் பலர் அப்படி வந்தார்கள். என் தாத்தாவும் அதே பூமிக்கடியில்தான் இருந்தார், ஆனால் கூலியாக. அவர் துரை, இவர் ஆள்.

"முப்பது வருஷம் பத்திர ஆபீஸ்ல பழைய கையெழுத்தா படிச்சே. எங்க முன்னோரைத் தேட எனக்காக ஒரு தடவை படிச்சுக் குடேன்டி" என்றாள். டிக்கெட்டும் அவளே போட்டாள். கிளம்பிவிட்டேன்.

லண்டன் பாடிங்டனில் ஏறினால் ஐந்து மணி நேரப் பயணம். பொறியாளர் புரூனல் கட்டி 1859இல் திறந்த சால்டாஷ் பாலத்தைத் தாண்டியதும் கார்ன்வால். ரெட்ரூத் நெருங்க நெருங்கப் புல்வெளி நடுவே பழைய சுரங்கங்களின் கூரை போன எஞ்சின் வீடுகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு புகைபோக்கி. தோழி ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. "நம்ம ஊரு மாதிரியே இருக்குல்ல?" என்றாள். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடு மட்டும்தான் குறை.

ரெட்ரூத்தில் ஒரு பழைய பீர் ஆலையைப் புதுப்பித்து 2019இல் ஆவணக்காப்பகமாகத் திறந்திருக்கிறார்கள். பெயர் கிரெஸன் கெர்னோ. கெர்னோ என்றால் அவர்கள் மொழியில் கார்ன்வால். பையை வெளியே வைக்க வேண்டும், பேனா கூடாது, பென்சில் மட்டும். நம் ஆபீஸில் இந்த ஒரு விதி இருந்திருந்தால் எத்தனை வால்யூம் பிழைத்திருக்கும்!

கையில் இருந்தது இவ்வளவுதான். கொள்ளுத்தாத்தா 1866இல் க்வென்னப் என்ற ஊரில் பிறந்தார். அரசாங்கப் பிறப்புப் பதிவு இங்கிலாந்தில் 1837 ஜூலை 1ஆம் தேதி தொடங்கிவிட்டதால் அவருக்குச் சான்றிதழ் இருந்தது. அவருடைய அப்பா, அம்மாவின் கல்யாணச் சான்றிதழும் கிடைத்தது. 1858, மாப்பிள்ளைக்கு வயது 25, தொழில் சுரங்கம். அப்படியென்றால் அந்த மாப்பிள்ளை பிறந்தது 1833 வாக்கில். அரசாங்கப் பதிவுக்கு முந்தைய காலம் என்பதால் இனி ஆலயப் பதிவேடுதான் கதி.

இங்கே ஒரு விஷயம். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538இல் ஒவ்வொரு பங்கும், அதாவது ஆலய வட்டாரமும், பதிவேடு வைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். ஆனால் அதில் ஏறியது பிறப்பு, இறப்பு அல்ல, ஞானஸ்நானமும் அடக்கமும். 1813 முதல் அச்சடித்த படிவம் வந்தது. ஞானஸ்நானப் பக்கத்தில் பிள்ளை பெயர், அப்பா அம்மா பெயர், ஊர், அப்பாவின் தொழில், சடங்கு செய்த குருவானவர் பெயர் எல்லாம் இருக்கும். அம்மா யார் வீட்டுப் பெண் என்பது மட்டும் இருக்காது. வெறும் "மேரி". அந்த ஊரில் பாதிப் பெண்கள் மேரி.

இரண்டு நாள் ஆலயப் பதிவேட்டைப் படமெடுத்த சுருளை உருட்டினோம். 1830 முதல் 1837 வரை ஒரு பக்கம் விடவில்லை. குடும்பப்பெயர் நான்கு விதமான எழுத்தில் வந்தது, ஆள் வரவில்லை. சலிப்பில் பின்னால் போய் 1783க்குள் நுழைந்தேன். அந்த வருஷம் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி முத்திரைத்தீர்வை போட்டிருக்கிறார்கள்! பரம ஏழைக்கு விலக்கு. வரி அமலுக்கு வருமுன் பிள்ளைகளை வரிசையாகத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். கைடுலைன் வேல்யூ ஏறும் என்று வதந்தி கிளம்பினால் எங்கள் ஆபீஸ் வாசலில் நிற்கும் கூட்டம் ஞாபகம் வந்தது. 1794இல் அந்த வரியை எடுத்துவிட்டார்கள்.

அப்போதுதான் அந்தக் கேள்வி. சர்ச்சா, சாப்பலா?

சர்ச் என்றால் அரசுச் சபையான ஆங்கிலிக்கன் ஆலயம். சாப்பல் என்றால் அதிலிருந்து விலகியவர்களின் ஜெபவீடு. கார்ன்வால் சுரங்கக்காரர்களில் ஏராளமானோர் மெதடிஸ்ட். அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி உயிரோடு இருந்தவரை சர்ச்சை விட்டுப் பிரியாதீர்கள் என்றே சொல்லிவந்தார். 1791இல் அவர் போன பிறகு மெல்ல மெல்லச் சாப்பலிலேயே ஞானஸ்நானம் கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பதிவேடுகள் 1837க்குப் பிறகு அரசாங்கம் கேட்டு லண்டன் போய்விட்டன. இப்போது அங்கே கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் ஆர்ஜி 4 என்ற வரிசையில் இருக்கின்றன. கணினியிலேயே பார்க்கலாம்.

இன்னொரு சூட்சுமம், ஊர்ப் பெயரில் தேடக் கூடாது. பல சாப்பல்களைச் சேர்த்து ஒரு சர்க்யூட். போதகர் சுற்றிச் சுற்றி வருவார். பதிவு தலைமைச் சாப்பல் இருக்கும் ஊரின் பெயரில் கிடக்கும். சொத்து ஒரு ஊரில், பதிவான ஆபீஸ் வேறு ஊரில் என்பது எனக்குப் பழக்கம்தானே. மத்தியானத்துக்குள் பிள்ளை அகப்பட்டான்.

அகப்பட்டதோடு முடியவில்லை. வெஸ்லியன் பதிவேடுகள் பலவற்றில் அம்மா பெயருக்குப் பக்கத்தில் "இன்னாருடைய மகள்" என்று அவளைப் பெற்றவர்கள் இருவர் பெயரும் இருக்கும். இதிலும் இருந்தது. தாய்ப்பத்திரம் கைக்கு வந்த மாதிரி எனக்குச் சிலிர்த்தது. தோழி, "இப்ப என்னடி?" என்றாள். "இப்ப மறுபடி சர்ச்" என்றேன்.

ஏனென்றால் 1754 மார்ச் முதல் 1837 வரை யூதர், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தவிர யாராக இருந்தாலும் கல்யாணம் அரசுச் சபை ஆலயத்தில் நடந்தால்தான் செல்லும். ஞானஸ்நானம் சாப்பலில், தாலி சர்ச்சில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் பஸ்ஸில் க்வென்னப் பிட் போனோம். வட்டமான பெரிய பள்ளம், சுற்றிலும் புல் படிக்கட்டு. 1762 முதல் 1789 வரை வெஸ்லி பதினெட்டு தடவை இங்கே பிரசங்கம் செய்திருக்கிறார். படிக்கட்டுகள் அவருக்குப் பின்னால், 1806இல் அமைத்தவை. அடியில் சுரங்கம் தோண்டியதால் நிலம் உள்வாங்கிய பள்ளம் என்கிறார்கள். எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சுரங்கத்துக்குள் பாறை வெடிக்கும் ராக் பர்ஸ்ட்டில் வீட்டுப் பாத்திரம் உருள்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். படியில் உட்கார்ந்து, மாவுக்குள் பூரணம் வைத்துச் சுட்ட பாஸ்டி தின்றோம். மாட்டுக்கறி, உருளைக்கிழங்கு, ஒருவகை டர்னிப், மிளகு. அவள் பாட்டி செய்ததுபோல இல்லை. பாட்டி பச்சைமிளகாய் போடுவார்.

"உன் பக்கம் எதுவரைக்கும் தெரியும்?" என்றாள் திடீரென்று.

என் கொள்ளுத்தாத்தா தாது வருஷப் பஞ்சத்தில் கைக்குழந்தை. அவ்வளவுதான் தெரியும். தேதி கிடையாது, ஊர்கூட "ஆம்பூர் பக்கம்" என்பார்கள். அதைச் சொன்னேன். அவள் பாஸ்டியின் ஓரத்தைப் பிய்த்து என்னிடம் நீட்டினாள்.

மறுநாள் க்வென்னப் கல்யாணப் பதிவேடு. சாப்பலில் கிடைத்த இரண்டு பெயரும் சேர்ந்து வரும் பதிவு இருபது வருஷத்தில் ஒன்றே ஒன்று, 1804. வில்லங்கம் பார்த்துப் பழகிய மனசு, முன்னும் பின்னும் ஐந்து வருஷம் கூடத் தேடினேன். வேறு இல்லை.

மாப்பிள்ளை கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. நம் கைநாட்டுக்கு அங்கே அதுதான். பெண் இருக்கும் இடத்தில் எழுத்து. நடுங்கி நடுங்கி, கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் மேலே ஏற்றி, முழுப் பெயர்! இந்த ஊரில் சுரங்க வாசலில் சுத்தியலால் தாதுக்கல் உடைத்த பெண்களைப் பால் மெய்டன் என்பார்கள். இவளும் அந்த வேலை செய்தாளோ என்னவோ, பதிவேட்டில் பெண்ணுக்குத் தொழில் எழுதும் வழக்கம் இல்லை.

"படிச்சவளா இருந்திருக்கா" என்றாள் தோழி.

"கையெழுத்து மட்டும் கத்துக்கிட்டும் வந்திருக்கலாம்" என்றேன். எங்கள் ஆபீஸில் அப்படி எத்தனையோ பேர் வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரே ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அவள் பதில் சொல்லவில்லை. நோட்டைத் திறந்து பென்சிலால் அந்தக் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்தாள். முதல் தடவை சரியாக வரவில்லை. அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள், கடைசி எழுத்தை மேலே ஏற்றி.