உம்கேனி ஆற்றங்கரையில் ஒரு நீர்நாய்

நீர்நாயைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிப் போனால் அது கண்ணில் படவே படாது. தூண்டிலைப் போட்டுவிட்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தால் பக்கத்திலேயே வந்து நிற்கும்!

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உம்கேனி ஆறு கடலில் சேருமிடம், பீச்வுட் அலையாத்திக் காட்டோரம். இன்று காலை வந்தது நகமில்லா வகை. வாலோடு சேர்த்தால் ஒன்றரை மீட்டர் வரை வளரும். மீசை விறைப்பாக, தொண்டையும் மார்பும் வெள்ளையாக இருந்தன. முன்கால் விரல்கள் அசல் மனித விரல்கள்தான். கல்லுக்கடியில் துழாவி ஒரு நண்டை எடுத்தது. இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு கறுக் முறுக்கென்று கடித்தது. எங்கள் ஆயா முறுக்கு தின்பது போலவே. ஓட்டையும் விடவில்லை.

இது கடலிலும் வேட்டையாடும். ஆனால் குடிக்கவும் ரோமத்திலிருக்கும் உப்பைக் கழுவவும் நல்ல தண்ணீர் வேண்டும். அதனால்தான் முகத்துவாரம் பிடிக்கும் போல.

2022 ஏப்ரல் வெள்ளம் இந்த ஆற்றை என்ன பாடு படுத்தியது என்று நம்மூர்க்காரர்களுக்குத் தெரியும். குப்பை இன்னும் வருகிறது. அதற்குள்ளும் இவர் குடித்தனம் நடத்துகிறார்.

போட்டோ கேட்காதீர்கள். கையெல்லாம் இறால் இரை, போன் பையில்.