கேமரா டெஸ்ட்: முதலில் மவுண்ட், பிறகு முகம்

கேமரா வந்து இறங்கியதுமே நடிகரை உட்காரவைத்து லுக் பார்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை. கொஞ்சம் பொறுங்கள். அரைமணி நேரம் கேமராவை ஓடவிட்டுச் சூடேற்றுங்கள். பிறகு லென்ஸை மூடி, எடுக்கப்போகும் உச்ச ஐஎஸ்ஓவில் ஒரு நிமிடம் பதிவு செய்தால், ஹாட் பிக்சல் (கோளாறால் தானே ஒளிரும் பிக்சல்) இருந்தால் கருப்பில் புள்ளியாக நிற்கும்.

லென்ஸைப் பூட்டும் பிஎல் மவுண்ட்டிலிருந்து சென்சாருக்கு 52.00 மி.மீ. நூறில் ஒரு பங்கு மி.மீ. பிசகினாலும் 18, 25 மி.மீ. வைட் லென்ஸில் ஃபோகஸ் குறி விலகும். 100 மி.மீ. லென்ஸில் அதே பிசகு கண்ணுக்கே படாது. ஆகவே வைடில் தொடங்குங்கள். லென்ஸை முழுக்கத் திறந்து, கேமரா உடம்பில் சென்சார் இருக்குமிடத்தைக் காட்டும், வட்டத்தைக் கோடு வெட்டும் குறியிலிருந்து டேப் பிடித்து, ஆறடியில் சீமன்ஸ் ஸ்டார் சார்ட்டை (நடுவிலிருந்து கதிர்போல் விரியும் கோடுகள் கொண்ட ஃபோகஸ் அட்டை) வையுங்கள். கண்ணால் ஃபோகஸ் பிடித்தபின் வளையத்தில் என்ன எண் என்று பாருங்கள். எல்லா லென்ஸும் ஒரே பக்கம் தள்ளினால் கோளாறு கேமரா மவுண்ட்டில். ஒன்று மட்டும் தள்ளினால் அந்த லென்ஸின் ஷிம்மில், அதாவது தூரத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகட்டில். மவுண்ட் கோளாறை, ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும் ஃபோகஸ் புல்லர் தலையில் கட்டக் கூடாது. அவர் புதுக் குறி போட்டுச் சமாளித்தாலும், வைடில் இன்ஃபினிட்டி (வெகுதூர ஃபோகஸ்) கிடைக்காமலே போகலாம்.

அடுத்து ஃப்ளிக்கர், அதாவது விளக்குத் துடிப்பு படத்தில் மினுக்கலாகத் தெரிவது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். நொடிக்கு 24 ஃபிரேமில் 180 டிகிரி ஷட்டர் என்றால் 1/48 நொடி, துடிப்போடு பொருந்தாது. 172.8 டிகிரி வைத்தால் 1/50, சரியாக இரண்டு துடிப்பு. 48 ஃபிரேமிலும் அதே 172.8 வேலை செய்யும், ஒரு துடிப்பு வீதம். ஆனால் மலிவான எல்இடி வேறு கணக்கில் துடிக்கும். லொக்கேஷனில் இருக்கும் அதே பல்பைக் கொண்டுவந்து, டிம்மரை 10 சதவீதம் வரை இறக்கிப் பாருங்கள்.

எக்ஸ்போஷர் டெஸ்டுக்கு கிரே கார்டு மட்டும் போதாது, படத்தில் நடிப்பவரே வேண்டும். அப்பர்ச்சரைத் தொட்டால் லென்ஸின் கூர்மையும் மாறிவிடும். அதனால் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) அதிகத்தில் தொடங்கி, 0.3 அளவாக, அதாவது ஒவ்வொரு ஸ்டாப்பாக, என்டி (வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் ஃபில்டர்) கூட்டிக்கொண்டே நான்கு ஸ்டாப் குறைவுவரை வாருங்கள். எல்லாவற்றையும் டிஐயில் (நிறம் திருத்தும் கட்டத்தில்) ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால், நிழல் எங்கே உடைகிறது, நெற்றிப் பளபளப்பு எங்கே வெளுக்கிறது என்பது தெரிந்துவிடும். ஐஎஸ்ஓ 800 கேமராவை இரவுக் காட்சிக்கு 500 என்று கணக்கிட்டு எடுத்தால் நிழல் சுத்தமாகும், ஆனால் ஹெட்லைட் பக்கம் மூன்றில் இரண்டு ஸ்டாப் போய்விடும். எது வேண்டும் என்பதை ஒளிப்பதிவாளர் இங்கேயே தீர்மானிக்க வேண்டும்.

கருத்த நிறமுள்ளவரையும் சிவந்தவரையும் ஒரே ஃபிரேமில் நிறுத்திப் பாருங்கள். கருத்த முகத்துக்காக மொத்த வெளிச்சத்தையும் ஏற்றுவது பெரிய தவறு. கன்னத்தில் பிரதிபலிக்கும்படி அகலமான விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் நிறம் கெடாமல் உருவம் எழும். முகத்துப் பவுடர் கழுத்தைவிட அரை ஷேடு வெளுப்பாக இருந்தாலும் க்ளோசப்பில் காட்டிக்கொடுத்துவிடும்.

பொடிக் கட்டம் போட்ட சட்டை, நெருக்கமான ஜரிகை இரண்டிலும் மொயரே (துணியில் இல்லாத அலைக்கோடு) வரும். சின்ன மானிட்டரில் தெரியும் அலை மானிட்டருடையதாகவே இருக்கலாம்; பதிவை நூறு சதவீத அளவில் விரித்துப் பார்த்தபிறகு சட்டையை மாற்றச் சொல்லுங்கள். கருப்பு பாலியெஸ்டரை வெயிலில் 1.8 என்டியோடு எடுத்துப் பாருங்கள். பழுப்படித்தால் அகச்சிவப்புக் கதிர் உள்ளே வருகிறது, ஐஆர் தடுக்கும் என்டி கேளுங்கள்.

கடைசியில் டிசிபி (தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் கோப்பு) போட்டுத் தியேட்டரில் பாருங்கள். அங்கே திரை வெளிச்சம் 48 நிட்ஸ் (ஒளிர்வின் அளவு), மானிட்டரில் பெரும்பாலும் 100. எல்யூடியை (LUT, படத்தின் நிறத்தை மாற்றிக் காட்டும் கோப்பு) இறுதிசெய்வது அதற்குப் பிறகுதான். கேமராவில் ஏற்றும் எல்யூடி கோப்பும் கலரிஸ்ட்டிடம் போகும் எல்யூடி கோப்பும் ஒரே பெயரில் இருக்கட்டும்.