20 வளைவுகளும் 15 தேவ இரகசியங்களும்

அஸ்தம்பட்டியில் ஏற்காடு பஸ் ஏறியதும் அப்பா ஜன்னலோர சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தார். "நான் பார்க்காத மலையா, நீ உட்காரு" என்றார். 76 வயதில் ஜன்னல் காற்று அவருக்கு ஆகாது. அதை ஒப்புக்கொள்ளத்தான் மனமில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை ஏற்காடு போய்வருவது எங்கள் வீட்டுப் பழக்கம். வேளாங்கண்ணி மாதிரி ஊரறிந்த திருத்தலம் எதையும் தேடிப் போவதில்லை. அம்மா பிறந்த ஊர், அம்மா ஞானஸ்நானம் வாங்கிய கோயில், அவ்வளவுதான். செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் எங்களுக்கு அரிசிப்பாளையத்துக் குழந்தை இயேசு பேராலயம் கூப்பிடு தூரம். ஆனாலும் மலைமேல் போய் முழந்தாளிட்டால்தான் அம்மாவுக்குத் தவக்காலம் தவக்காலமாக இருக்கும். அம்மா போய் 4 வருஷம் ஆகிறது. இந்த மார்ச்சில்தான் மறுபடி கிளம்பினோம், அப்பாவும் நானும் மட்டும்.

கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்ததும் பையிலிருந்து அம்மாவின் செபமாலையை எடுத்தேன். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை இருக்கும். அம்மா அந்தப் பலகைகளைச் செபமாலை மணிகளாக்கி வைத்திருந்தாள். ஒரு வளைவுக்கு ஒரு தேவ இரகசியம், அதாவது ஏசுநாதர், மாதா வாழ்க்கையிலிருந்து தியானிக்கும் ஒரு நிகழ்ச்சி. அதோடு ஓர் 'அருள் நிறைந்த மரியே' செபம். ஓர் இரகசியத்துக்குரிய பத்து மரியே செபங்களையும் சொல்லி முடிப்பதற்குள் பஸ் அடுத்த வளைவுக்கு வந்துவிடும், அதனால் இந்தச் சுருக்கம். அம்மாயி அந்த மரியே செபத்தையே பிரியதத்த மந்திரம் என்று பழைய பாஷையில் சொல்லுமாம்.

முதல் வளைவில் கபிரியேல் சம்மனசு மாதாவுக்கு மங்கள வார்த்தை சொல்லும். ஐந்தில் காணாமல் போன பிள்ளை கோயிலில் கிடைப்பார். பத்தாவது வளைவில் சிலுவையில் உயிர் விடுவார், பதினொன்றில் உயிர்த்தெழுவார். சிறுவயதில் பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே எதிரில் லாரி வந்து பஸ் நின்றுவிட்டால் எனக்கு நிஜமாகவே பதைப்பாக இருக்கும்.

இதில் ஒரு கணக்கு இடிக்கும். அந்தக் காலத்தில் செபமாலையில் தேவ இரகசியங்கள் 15தான். சந்தோஷம் 5, துக்கம் 5, மகிமை 5. 2002 அக்டோபரில்தான் இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் ஒளியின் தேவ இரகசியங்கள் ஐந்தைச் சேர்த்தார். அதற்குப் பிறகு 20 வளைவுக்கு 20 என்று கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அம்மா மாறவில்லை. பதினைந்தாவது வளைவில் மாதாவுக்கு முடிசூட்டியதோடு சரி. மிச்ச ஐந்து வளைவுகளில் வாய் அசையாது. கண்ணை மூடி, இரண்டு கையையும் முகத்தோடு சேர்த்துக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டாலும் பதில் வராது.

சொற்கள் தீர்ந்த பிறகு வரும் செபம் அது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். போன வருஷம் எங்கள் பங்கில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் பகிர்வு சொல்லச் சொன்னபோது இதைத்தான் சொன்னேன். வாய்ச் செபம் 15, மௌனச் செபம் 5. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

எட்டாவது வளைவில் மேலே ஏறும் எங்கள் பஸ்ஸுக்காக ஒரு கார் இறங்காமல் ஒதுங்கி நின்றது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும், அது சட்டம். "இதை வைத்தே ஒரு பிரசங்கம் வைக்கலாம்பா" என்றேன். அப்பா முகத்தைச் சுளித்தார்.

அவருக்குப் பிரசங்க உவமைகள் மேல் ஒரு பழைய கோபம் உண்டு. அப்பா 30 வருஷத்துக்கு மேல் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவர். ஒருமுறை தவக்காலத் தியானத்துக்கு வெளியூரிலிருந்து வந்த ஒருவர் மலாக்கி மூன்றாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, வெள்ளியைப் புடமிடுகிறவன் தன் முகம் அதில் தெரியும்வரை அடுப்பைவிட்டு எழமாட்டான், ஆண்டவரும் அப்படித்தான் என்று உருக்கமாகப் பேசினார். கோயிலே அழுதது. அப்பா வெளியே வந்ததும் கேட்டார்: "வெள்ளி உருக்கற மூசைக்குள்ள எட்டிப் பார்த்தா முகம் எங்கடி தெரியும்? புருவம்தான் கருகும்."

வெண்காரம் போட்டு உருக்கும்போது வெள்ளி கண் கூசுமளவுக்குத் தகதகக்கும். பட்டறைக்காரன் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, நிறத்தைப் பார்த்து, அசைவைப் பார்த்துத்தான் பக்குவம் சொல்வான். அப்பாவின் வாதம் எளிமையானது: தொழில் தெரியாமல் உவமை சொல்லாதே. "ஏசுநாதர் தச்சர் மகன். மீன்காரனோட திரிஞ்சவரு. அவரு சொன்னதுல ஒண்ணாவது தொழில்காரன் சிரிக்கிற மாதிரி இருக்குதா சொல்லு பார்ப்போம்."

இருக்கிறது என்று நான் நினைத்ததுண்டு. லூக்கா 15இல் பத்துக் காசில் ஒன்றைத் தொலைத்த பெண் விளக்கேற்றி வீட்டையே பெருக்குகிறாளே, ஒரு காசுக்கா இவ்வளவு பாடு என்று. அப்பாவுக்கு அது வியப்பே இல்லை. பட்டறையில் சாயங்காலம் பெருக்கிய குப்பையை வெளியே கொட்ட மாட்டார்கள். அரத்தூளும் கம்பித்துணுக்கும் மண்ணோடு கலந்திருக்கும். மூட்டை கட்டி வைப்பார்கள், அதை விலை கொடுத்து வாங்கி வெள்ளியைப் பிரித்தெடுக்க ஆள் வரும். உட்கார்ந்த பாயைக்கூட உதறி எடுப்பார்கள். "அந்தப் பொம்பளை பட்டறைக்காரிதான், சந்தேகமே இல்ல" என்பார். எந்த விளக்கவுரையை விடவும் எனக்கு இது பிடிக்கும்.

சரி, கோயில். இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் சொல்ல ஒன்றுமில்லை. 9 வருஷத்துக்கு முன் அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்த கையோடு நான் மட்டும் இங்கே வந்தேன். இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சு. அழுதுகொண்டு உட்கார்ந்தவளுக்கு அரைமணி நேரத்தில் உள்ளே ஏதோ ஒன்று இறங்கி அமர்ந்தது. பயம் போய்விட்டது. அதை விவரித்தால் சினிமா மாதிரி ஆகிவிடும், அதனால் விடுகிறேன். இந்த முறை மனதுக்குள் நான் கிளம்பியதே அந்தப் பெஞ்சுக்காகத்தான். அதே இடத்தில் முழந்தாளிட்டேன். கண்ணை மூடினேன். பீடத்துப் பூச்சாடியை யாரோ கழுவுகிற சத்தம் கேட்டது. முழங்கால் வலித்தது. அரைமணி, முக்கால்மணி. இரவு இட்லிக்கு மாவு இருக்கிறதா என்ற நினைவு வந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

வெளியே அப்பா வெயிலில் காத்திருந்தார். "ஆச்சா?" என்றார். "ஆச்சு" என்றேன்.

மாமா வீட்டுச் சாப்பாட்டுக்கு நேரமிருந்ததால் திரித்துவக் கோயில் பக்கம் நடந்தோம். 1853இல் கட்டிய புரொட்டஸ்டன்ட் கோயில். நாங்கள் கத்தோலிக்கர் என்றாலும் அந்தப் பக்கம் போகாமல் வந்தால் எனக்கு ஏற்காடு வந்த மாதிரியே இருக்காது. ராபர்ட் புரூஸ் ஃபுட்டின் நினைவு இங்கேதான் இருக்கிறது. 1863இல் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் கிடந்த கல்லை எடுத்துப் பார்த்து, இது மனிதன் செதுக்கிய கோடாரி என்று கண்டுகொண்டவர். இந்தியாவின் ஆதி மனிதனைப் பற்றிய ஆராய்ச்சி அந்தக் கல்லில் தொடங்குகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வாழ்ந்தது இந்த ஊரில். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் பாதிரியார், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழில் பெயர்த்தவர், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர். மருமகன் கல்லைப் பொறுக்கினார், மாமனார் ஜனங்களின் வாய்ச்சொல்லைப் பொறுக்கினார். அப்பாவிடம் சொன்னபோது, "நல்ல சம்பந்தம்" என்றார்.

மாமா அம்மாவுக்கு இளையவர். எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நாகலூர் போகிற வழியில் அரை ஏக்கர் காப்பி வைத்திருக்கிறார். வீட்டுக்கு நூறு அடி இருக்கும்போதே வாசனை வந்துவிட்டது. மல்லிகை என்றுதான் முதலில் நினைத்தேன். காப்பி பூத்திருந்தது.

இத்தனை வருஷத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை, கிளை முழுக்க நூலில் கோத்துத் தொங்கவிட்ட மாதிரி. தேனீக்களின் இரைச்சல் தோட்டத்துக்கே கூரை போட்டிருந்தது. "ஒன்பது நாளைக்கு முன்னாடி ஒரு மழை பேஞ்சுது கண்ணு. மழை பட்டு எட்டு, பத்து நாள்ல பூக்கும். மூணு நாள்தான் நிக்கும், நாளைக்கு வந்திருந்தா காஞ்சிருக்கும்" என்றார் மாமா. அந்த மழை வராவிட்டால் மொக்கு மொக்காகவே நின்றுவிடும். அரைகுறையாகத் தூறினால் அதைவிட மோசம், பூ சரியாக விரியாமல் கெட்டுப்போகும். பூத்தபின் இன்னொரு மழையும் வேண்டும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த பயிர், இன்றைக்கும் மாசி பங்குனி வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறது.

சில்வர் ஓக் நிழலில் நடந்துகொண்டே ஒரு கிளையை இழுத்துக் காட்டச் சொன்னேன். நுனியில் இளம்பச்சை. நடுவில் பூ. தண்டை ஒட்டிய பக்கம் பழுப்பாக, மொட்டையாக இருந்தது. அங்கே மட்டும் ஏன் பூ இல்லை என்று கேட்டேன்.

"அது போன வருசம் காய்ச்ச இடம். இனி அந்தக் கணுவுல காய்க்காது."

"உரம் போட்டாலுமா?"

"வண்டி வண்டியாக் கொட்டினாலும் காய்க்காது. போன மழைக்கு வளர்ந்த இந்தத் துண்டுதான் இப்ப பூத்திருக்குது. இந்த நுனி இருக்குது பாரு, இது வளர்ந்து அடுத்த வருசத்துக்கு. செடி நகர்ந்துக்கிட்டே இருக்கும் கண்ணு. அதுக்குத்தான் அறுப்பு முடிஞ்சதும் கவாத்து பண்றது. காய்ச்ச குச்சியையே கட்டிக்கிட்டு இருந்தா புதுக்குச்சி எங்கிருந்து வரும்?"

நான் அந்த மொட்டைக் கணுக்களைத் தடவிக்கொண்டே நின்றேன். ஒவ்வொரு கணுவிலும் பழம் ஒட்டியிருந்த தழும்பு இருந்தது. இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சு என்று மனம் சொன்னது. உடனே அதைப் பகிர்வாக எழுதத் தொடங்கிய மனதை அப்பாவின் மூசைப் பேச்சு நினைவு வந்து தடுத்தது. அதனால் தொழில்காரரிடமே கேட்டுவிடுவோம் என்று மாமாவிடம் யோவான் 15ஐச் சொன்னேன்: நானே திராட்சைக் கொடி, என் தந்தை தோட்டக்காரர், கனி தரும் கிளையையும் அவர் கழித்துவிடுகிறார். காய்க்கிற கிளையை ஏன் கழிக்க வேண்டும்? எனக்கு அது எப்போதும் தண்டனை மாதிரிதான் கேட்கும்.

மாமா யோசித்தார். "திராட்சை எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லக் கூடாது. கம்பத்துக்காரனைக் கேளு."

பிறகு கேட்கவும் செய்தேன். என்னோடு வேலை பார்ப்பவரின் ஊர் கம்பம் பக்கம், வீட்டில் பன்னீர்த் திராட்சைப் பந்தல் உண்டு. பழைய கொடியில் குலை வராது, புதிதாகக் கிளம்பும் தளிரில்தான் வரும், வெட்டாவிட்டால் பந்தல் முழுக்க இலைதான் என்றார் அவர். ஆக அங்கேயும் அதே கதை. அந்த வசனத்தை முப்பது வருஷமாகக் கேட்டும், ஒரு திராட்சைக்காரரிடம் கேட்க எனக்குத் தோன்றியதில்லை.

மாமா வீட்டில் கருவாட்டுக் குழம்பு. தவக்காலத்துக்குப் பரவாயில்லை என்று அப்பா தீர்ப்பளித்து மூன்று முறை சோறு வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது மாமா காப்பித்தூள் பொட்டலமும் ஒரு பலாப்பிஞ்சும் கொடுத்தார். அப்பா கொல்லைப்பக்கம் போய் எதையோ பறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

நாலரை மணி பஸ். இறங்கும்போது பலகைகள் பின்னாலிருந்து வரும், இருபது, பத்தொன்பது என்று. செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, அம்மாவைப் போலக் கண்ணை மூடிக் கையைக் குவித்தேன். முதல் ஐந்து வளைவும் மௌனம் என்று கணக்கு.

"என்ன, உனக்கும் பெரட்டுதா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. அம்மா மாதிரி. அந்த அஞ்சு வளைவுக்கும் சும்மா செபம் பண்ணுவாங்கல்ல."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "செபமா? பதினஞ்சு தாண்டினா உங்கம்மாவுக்குத் தலை சுத்தி வாந்தி வரும். கைக்குள்ள எலுமிச்சம்பழத்தை வச்சு மோந்துக்கிட்டே கண்ணை மூடிக்குவா. பேசினா வந்துடும்னு வாயே திறக்க மாட்டா."

பஸ் பத்தொன்பதில் திரும்பியது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. முன்சீட்டில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். அன்பியத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்ட அந்த இரண்டு பேரிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா சட்டைப்பையில் கைவிட்டு, மாமா தோட்டத்து எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் ஒரு கீறல் போட்டு என் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தா, எதுக்கும் வச்சுக்க. இன்னும் பதினெட்டு இருக்குது."