அக்கா பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய ப்ரொபோசல்

கூகுள் சம்மர் ஆஃப் கோடுக்கு நான் இரண்டு தடவை விண்ணப்பித்தேன். 2023-இல் கிடைக்கவில்லை, 2024-இல் கிடைத்தது. இரண்டு முறையும் ஒரே வேலைதான்: பிரவுசரிலேயே ஓடுகிற ஒரு போட்டோ எடிட்டரை, பார்வை இல்லாதவர்களும் மவுஸ் பிடிக்க முடியாதவர்களும் தாங்களே பயன்படுத்தும்படி மாற்றிக் கட்டுவது. இந்த ஒரு வருஷத்தில் என் ஜாவாஸ்கிரிப்ட் அப்படி ஒன்றும் வளர்ந்துவிடவில்லை. பிறகு என்னதான் மாறியது என்று அம்பையிலிருந்தும் சேரன்மகாதேவியிலிருந்தும் ஜூனியர் பிள்ளைகள் போன் போட்டுக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லி மாளவில்லை, எழுதிவிடுகிறேன்.

இந்தத் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்குச் சுருக்கமாக. 2005-இலிருந்து நடக்கிறது. ஓப்பன் சோர்ஸ் அமைப்புகள், அதாவது தங்கள் மென்பொருளின் கோடை எல்லோருக்கும் திறந்து வைத்திருப்பவர்கள், தங்களிடம் உள்ள வேலைகளைச் சொல்லும். நாம் ஒன்றை எடுத்து, அதை எப்படிச் செய்வோம் என்று எழுதி அனுப்ப வேண்டும். தேர்வானால் வழிகாட்ட ஒரு மென்டர் கூட இருப்பார், உதவித்தொகையும் உண்டு. தொகை நாட்டுக்கு நாடு மாறும். முன்பு மாணவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. 2022 முதல் 18 வயது நிரம்பிய, ஓப்பன் சோர்ஸுக்குப் புதியவர் யாரும் வரலாம். அதனால் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேனே என்று யாரும் ஒதுங்க வேண்டாம். ஒருவர் மூன்று ப்ரொபோசல் வரை போடலாம். ஒன்றை உருப்படியாகப் போட்டால் போதும் என்பது என் எண்ணம்.

என் 2023 ப்ரொபோசல் பதினொரு பக்கம். ரியாக்ட், வெப்அசெம்பிளி என்று தொழில்நுட்பப் பெயர்களும் இருபது ஃபில்டருமாக நிரப்பியிருந்தேன். வேலையின் உயிரே அணுகல்தன்மைதான்; அதற்கு நான் ஒதுக்கியது ஒரு பத்தி. இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி 2.1 விதிகளைப் பின்பற்றுவேன் என்று எழுதி, கீழே கீபோர்டு ஷார்ட்கட் சிலவற்றைக் கொடுத்திருந்தேன்: கிராப்புக்கு சி, பிரைட்னஸுக்கு பி, ஹியூவுக்கு (நிறச்சாயல்) ஹெச். பார்வை இல்லாத ஒருவர் கம்ப்யூட்டரில் வேலை செய்வதை அதுவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. பாளையங்கோட்டையில் நூறு வருஷத்துக்கு மேலாகப் பார்வையற்றோர் பள்ளி நடக்கிறது. வெள்ளைத் தடியோடு ஏறுகிறவர்களுக்கு டவுன் பஸ்ஸில் எழுந்து இடம் விட்டிருக்கிறேன். ஒருவரிடமாவது போய், நீங்கள் இதை எப்படிச் செய்வீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

அம்மாவின் தோழி மகள் ஒரு அக்கா பாளையில் இருக்கிறார். பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. பி.ஏ. முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கிற, என்விடிஏ என்கிற ஸ்கிரீன் ரீடரை வைத்து எல்லாவற்றையும் தானே படிப்பார். இலவச மென்பொருள் அது. ஆஸ்திரேலியாவில் 2006-இல் மைக்கேல் கரன் தொடங்கியது, அவருக்கும் பார்வை இல்லை. விண்ணப்பப் படிவத்தையும் அக்கா தானே நிரப்பிவிடுவார். ஆனால் வங்கித் தேர்வை நடத்துகிற ஐபிபிஎஸ்-இன் விண்ணப்பத்தில் போட்டோ 20 முதல் 50 கேபிக்குள், கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள் இருக்க வேண்டும். இடது பெருவிரல் ரேகையும் வேண்டும். அதற்காக மட்டும் ஒவ்வொரு தடவையும் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போய், வரிசையில் நின்று, காசு கொடுத்து வருவார்.

டிசம்பர் வெள்ளம் வடிந்து, பொங்கலும் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். லேப்டாப்பில் அந்த எடிட்டரைத் திறந்து, என்விடிஏ-வை ஓடவிட்டு, அவர் மடியில் வைத்தேன். அவர் கேட்காமல் நான் வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

அக்கா டேப் கீயை அழுத்தினார். ‘பட்டன்’ என்றது. மறுபடி அழுத்தினார். ‘பட்டன்.’ மறுபடி. ‘பட்டன்.’ ஒன்பது தடவை. திரையில் கத்தரி, தூரிகை, வளைந்த அம்புக்குறி என்று ஐகான்கள் வரிசையாக அழகாக இருந்தன. ஒன்றுக்குக்கூடப் பெயர் கொடுக்கவில்லை.

“என்னளா இது, பட்டன் பட்டன்னு மட்டும் சொல்லுது. எந்தப் பட்டன்னு சொல்ல மாட்டேங்கு?”

படம் தேர்ந்தெடுக்கிற இடம் சாதாரண எச்டிஎம்எல் என்பதால் அது மட்டும் பேசியது. அக்கா தன் போட்டோவைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினார். படம் திரையில் பளிச்சென்று வந்தது. லேப்டாப்பிலிருந்து சத்தமே இல்லை. அக்கா விரல்களைக் கீபோர்டின் மேலேயே வைத்தபடி, தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

“படம் உள்ள வந்துட்டா, வரலையா?”

“வந்துட்டுக்கா.”

“அத நீ சொல்லுத. அது சொல்லலல்லா.”

அந்த வாக்கியத்தை அப்படியே நோட்டில் எழுதினேன். பக்கத்தில் படம் வரைகிற இடமான கேன்வாஸில் எத்தனை லட்சம் புள்ளி வரைந்தாலும் ஸ்கிரீன் ரீடருக்கு அது ஒரு வெற்றுப் பலகைதான். உள்ளே நடப்பதை நாம் வெளியே எழுத்தாக வைத்தால்தான் அது வாசிக்கும். இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்து என் பெருமைக்குரிய ஷார்ட்கட்கள். என்விடிஏ பக்கத்தை வாசிக்கிற நிலையில் இருக்கும்போது ஹெச் அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவும், பி அழுத்தினால் பட்டனுக்கு, சி அழுத்தினால் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கிற காம்போ பாக்ஸுக்கு. அதாவது நான் ஒதுக்கிய மூன்று எழுத்தும் அக்கா பக்கத்துக்குள் நடமாடப் பயன்படுத்துகிற கால்கள். அந்த எழுத்து என் எடிட்டரை எட்டவே எட்டாது. ஒற்றை எழுத்து ஷார்ட்கட் வைத்தால் அதை நிறுத்தவோ மாற்றவோ வழி வேண்டும், இல்லையென்றால் அந்தக் கருவியில் நிற்கும்போது மட்டும் அது வேலை செய்ய வேண்டும் என்று ஒரு விதியே இருக்கிறது. நான் பின்பற்றுவதாக எழுதிக்கொடுத்த அதே 2.1-இல்தான் இருக்கிறது.

கடைசியில் அக்காவிடம், போட்டோவைப் பற்றி உங்களுக்கு என்ன தெரிந்தால் நீங்களே அனுப்பிவிடுவீர்கள் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. “மூஞ்சி நடுவுல இருக்கா? தல வெட்டுப்பட்டிருக்கா? பின்னால வெள்ளையா இருக்கா? எத்தன கேபி? இந்த நாலும் தெரிஞ்சா போதும்ளா.”

2024 ப்ரொபோசல் இந்த நான்கு கேள்வியில்தான் தொடங்கியது. முதல் பக்கத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நடந்தபடி எழுதினேன், அக்காவின் பெயரைச் சொல்லாமல், அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு. பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் என்ன செய்யப்போகிறேன் என்பது. முகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க மீடியாபைப் என்கிற நிரல் பிரவுசருக்குள்ளேயே ஓடும். படம் அவர் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது. கேபிக்கு, ஜேபெக் படத்தின் தரத்தை 0-க்கும் 1-க்கும் நடுவில் வைத்துப் பார்ப்பது, அளவு கூடினால் கீழே பாதி, குறைந்தால் மேலே பாதி என்று தேடுவது. ஏழெட்டு முயற்சிக்குள் 20-க்கும் 50-க்கும் நடுவில் உட்கார்ந்துவிடும். கிராப் செய்ய மூலையைப் பிடித்து இழுப்பதோடு, எண்களைத் தட்டுகிற பெட்டியும், நகர்த்துகிற பட்டன்களும், அம்புக்குறி கீகளும். இழுத்துத்தான் செய்ய முடியும் என்று எதையும் வைக்கக் கூடாது என்பது 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2-இல் சேர்ந்த விதி. அதை எண் போட்டு, 2.5.7 என்று குறிப்பிட்டேன். “விதிகளைப் பின்பற்றுவேன்” என்று மொத்தமாக எழுதுவதற்கும், எந்த விதி, என் எடிட்டரில் எந்த இடத்தில் உடைகிறது என்று காட்டுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். மென்டர்கள் தேடுவது இரண்டாவதைத்தான்.

அம்புக்குறியை ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் ‘இடது 1, இடது 2’ என்று சொல்ல வைத்தால் பேச்சு ஒன்றின்மேல் ஒன்று குவிந்து காது வலிக்கும். விரலை எடுத்து அரை நொடி கழித்து ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். இது எந்த விதியிலும் இல்லை. ஒரு மாதிரியைச் செய்துகொண்டு இரண்டாவது முறை அக்காவிடம் போனபோது கிடைத்தது.

மென்டர் என்னை நிறுத்திக் கேட்ட ஒரே தொழில்நுட்பக் கேள்வி, செய்ததைத் திரும்பப் பெறுகிற அன்டூவைப் பற்றியது. 4000-க்கு 3000 அளவுள்ள போன் படம் நினைவகத்தில் விரியும்போது புள்ளிக்கு 4 பைட் கணக்கில் 4 கோடியே 80 லட்சம் பைட், அதாவது 48 எம்பி. பத்துப் படி பின்னால் போக ஒவ்வொரு படியின் படத்தையும் வைத்திருந்தால் 480 எம்பி. 4 ஜிபி ரேம் லேப்டாப்பில் பிரவுசர் மூச்சு விடாது. அதனால் படத்தைச் சேமிக்காமல், செய்த செயலை மட்டும் வரிசையாக வைத்து மூலப்படத்தின் மேல் மறுபடி ஓட்டுவது என்று மாற்றினேன். இதில் எதிர்பாராத லாபம் ஒன்று: அந்த வரிசையையே அக்காவுக்கு வாசித்துக் காட்டலாம், இதுவரை என்னென்ன செய்திருக்கிறார் என்று.

ப்ரொபோசலுக்கு முன்பே சின்னதாகவாவது கோடு அனுப்பியிருங்கள். நான் அந்த ஒன்பது பட்டன்களுக்குப் பெயர் வைத்தேன். பெயர்களை ஆங்கிலத்தில் நேரடியாகக் கோடுக்குள் எழுதியிருந்தேன். மொழிபெயர்ப்புக் கோப்பு வழியாகக் கொடு என்று திருப்பி அனுப்பினார்கள். கொடுத்தேன், கூடவே தமிழையும் சேர்த்தேன். எச்டிஎம்எல்-இல் பட்டனுக்கென்றே பட்டன் டேக் இருக்கும்போது, வெறும் பெட்டியான டிவ்-க்கு, ஸ்கிரீன் ரீடருக்குத் தகவல் சொல்கிற அரியா குறிப்புகளைப் பூசி வேடம் போடாதே என்றும் அப்போதுதான் படித்துக்கொண்டேன். படத்தில் தமிழ் எழுதுகிற கருவியைத் தொடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ‘நெல்லை’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஆறு. கர்சரை நாமே நகர்த்தினால் ஒற்றைக்கொம்பு தனியாகப் பிய்ந்து நிற்கும். எழுத்துகளைச் சரியாகப் பிரித்துத் தருகிற, ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள இன்டில் செக்மென்டரைப் பயன்படுத்துங்கள்.

ஆங்கிலம் பற்றிப் பயப்படுகிறவர்கள் என்னிடம் அதிகம். நான் தமிழ் மீடியம். முழுதும் தமிழில் எழுதி, என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெளிவான பிறகுதான் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக மாற்றினேன். யாரும் குறை சொல்லவில்லை.

நேரக் கணக்கில் மட்டும் பொய் சொல்லாதீர்கள். 90, 175, 350 மணி நேரம் என்று மூன்று அளவு உண்டு. நான் 175 எடுத்து, செமஸ்டர் தேர்வு எந்த வாரம், அந்த வாரம் வேலை பூஜ்யம் என்று வெளிப்படையாகப் போட்டேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அக்காவோடு உட்காரவும் மணி நேரம் ஒதுக்கினேன். அவர் நேரமும் உழைப்புதான் என்பதால் உதவித்தொகையில் ஒரு பங்கு அவருக்கு என்று முன்பே பேசிக்கொண்டோம். 2024-இல் விண்ணப்பிக்கிற நாட்கள் மார்ச் 18 முதல் ஏப்ரல் 2 வரை. நம் நேரப்படி கடைசி இரவு 11.30. நடுவில் 25-ஆம் தேதி பங்குனி உத்திரம். சாத்தா கோயிலுக்குப் போகாமல் இருக்க எங்கள் வீட்டில் விடமாட்டார்கள், எனக்கும் மனசில்லை. அதனால் 22-ஆம் தேதியே ஒரு வரைவை ஏற்றிவிட்டேன். கடைசி நேரம் வரை மாற்றி ஏற்றலாம்.

ஆகஸ்டில் வங்கித் தேர்வுக்கு விண்ணப்பம் திறந்தது. அக்கா தன் வீட்டில், தன் லேப்டாப்பில் படத்தை ஏற்றினார். ‘படம் வந்துவிட்டது. முகம் சற்று இடப்பக்கம்’ என்றது. வலது அம்புக்குறியைக் கொஞ்ச நேரம் தட்டினார். ‘முகம் நடுவில். பின்னணி வெள்ளை. 38 கேபி.’ சேமித்துவிட்டு என் பக்கம் திரும்பவில்லை, நேரே அடுத்த படத்துக்குப் போனார். பெருவிரல் ரேகை. அதில் முகம் இல்லை, எடிட்டருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

“ரேக நேரா இருக்கா, சாஞ்சிருக்கா? இத யாருட்ட கேக்க?”

அதை ஐந்தாவது கேள்வியாக நோட்டில் எழுதிக்கொண்டேன். மறுநாளே எடிட்டரின் குறைப் பட்டியலில் இஷ்யூவாகவும் போட்டேன். இதை எழுதுகிற இன்று வரை அது திறந்தேதான் கிடக்கிறது.